பார்க்காமல் போட்ட வாக்கு: ஆஸ்கர் அகாடமி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் திரைப்படக் கலை மற்றும் அறிவியல் அகாடமி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் துறைக்காரன் அல்ல. மதுரையில் ஒரு சின்னத் திரைப்பட மன்றத்தில் நாற்காலி போடுவதிலிருந்து புரொஜெக்டர் ஓட்டுவது வரை எல்லா வேலையும் செய்கிறவர்களில் ஒருவன். வருடத்துக்கு ஒரு திங்கட்கிழமை, விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்து உங்கள் விழாவைப் பார்க்கிறவன்.

2025 ஏப்ரலில் நீங்கள் ஒரு விதி கொண்டுவந்தீர்கள். இனி ஒரு பிரிவில் இறுதி வாக்குப் போட வேண்டுமென்றால், அந்தப் பிரிவுக்குப் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். செய்தியைப் படித்துவிட்டு எங்கள் மன்றத்து நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், "அப்போ இவ்வளவு நாளா பேப்பரைத் திருத்தாமலேதான் மார்க் போட்டாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் 2014 நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் மார்ச் 2ஆம் தேதி, அமெரிக்க அடிமைமுறையைப் பற்றிய 'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' சிறந்த படமாகத் தேர்வானது. விழாவின் தொடக்கத்திலேயே தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் ஒரு ஜோக் அடித்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: அந்தப் படம் ஜெயிக்கும், இல்லாவிட்டால் நீங்கள் எல்லாரும் இனவெறியர்கள். அரங்கமே சிரித்தது. விழா முடிந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் ஒரு செய்தி. உங்களில் இருவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையாம். பார்த்தால் மனசு தாங்காது என்று விட்டுவிட்டார்களாம். ஆனாலும் அதன் சமூக முக்கியத்துவம் கருதி அதற்கே வாக்களித்தார்களாம். மேடையில் ஜோக்காகச் சொன்னதை இவர்கள் அதற்கு முன்பே வாக்குச்சீட்டில் செய்து முடித்திருக்கிறார்கள்.

அந்த இருவரின் பெயர் எனக்கு வேண்டாம். எதைப் பார்க்காமல் தப்பித்தார்கள் என்பதுதான் என் கவலை.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. அடிமையாக்கப்பட்ட கதாநாயகன் சாலமன் நார்த்தப்பைத் தச்சன் ஒருவன் ஆட்களோடு வந்து மரத்தில் தொங்கவிடுகிறான். மேற்பார்வையாளன் துப்பாக்கியோடு வந்து அவர்களை விரட்டுகிறான். ஆனால் கயிற்றை அறுக்கவில்லை. சாலமனின் கால் விரல்நுனி மட்டும் சேற்றைத் தொடுகிறது. வழுக்குகிறது, மறுபடி ஊன்றுகிறான். கேமரா நகராமல் நிற்கிறது. பின்னால் குடிசைகளிலிருந்து அடிமைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து அவரவர் வேலையைத் தொடங்குகிறார்கள். குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஒரு பெண் பயந்து பயந்து வந்து வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடுகிறாள். பண்ணை முதலாளியின் மனைவி மாடத்தில் நின்று பார்க்கிறாள். இசை இல்லை. நாங்கள் இதைத் திரையிட்டபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், படம் நின்னுபோச்சா?" என்று கேட்டார். நிற்கவில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் அங்கே அடியையோ ரத்தத்தையோ காட்டவில்லை. கழுத்தில் கயிறோடு ஒருவன் துடிக்கும்போது சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறார். அடிமைகள் நெருங்காததற்குக் காரணம் இருக்கிறது: நெருங்கினால் அடுத்த கயிறு அவர்களுக்கு. மாடத்தில் நிற்பவளுக்கு அந்தப் பயம் கிடையாது. அவள் பார்க்கிறாள், அவ்வளவுதான். உங்கள் உறுப்பினர் இருவரும் மாடத்து அம்மாள் செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை என்று எழுதினால் கோபம் வரும். வரட்டும்.

இதே படத்துக்குப் போகாத வேறொரு கூட்டமும் உண்டு. அடிமைமுறைப் படம் இன்னொன்றா, எங்களால் முடியாது என்று ஒதுங்கிய கறுப்பின ரசிகர்கள். 2022ல், கொல்லப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுவனின் தாயைப் பற்றிய 'டில்' படத்தின் முன்னோட்டம் வந்தபோதும் அவர்களில் பலர், எங்கள் வலியை இன்னும் எத்தனை முறை திரையில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவர்களும் அந்த இரண்டு உறுப்பினர்களும் ஒன்றையே செய்தவர்கள்: மனசு தாங்காது என்று படத்தைத் தவிர்த்தவர்கள். ஆனால் ஒருவருக்கு அது தாத்தா சொன்ன கதை, நேற்றிரவு போலீஸ் காரை நிறுத்தியபோது வந்த நடுக்கம். அவர் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. இன்னொருவருக்கு அதைத் தெரிந்துகொள்ள அந்த இரண்டே கால் மணி நேரம்தான் வழி. விலகிப் போகும் உரிமை முதலாமவருக்கு முழுசாக இருக்கிறது. விருது கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு இல்லை.

சரி, புது விதி வந்துவிட்டதே, இனி எல்லாரும் பார்த்துவிடுவார்களே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். எப்படிப் பார்ப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1976ல் எழுதிய ஒரு நூலில் 'த டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தை இரண்டு தடவை பார்த்ததைச் சொல்கிறார். 1958ல் வந்த படம், நீங்கள் அதற்கு இரண்டு ஆஸ்கர் கொடுத்தீர்கள். கறுப்பினத்தவரான சிட்னி பாய்ட்டியேவும் வெள்ளையரான டோனி கர்டிஸும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்பி ஓடும் கைதிகள். கடைசியில் சங்கிலி போய்விடுகிறது, பாய்ட்டியே ஓடும் ரயிலில் ஏறிவிடுகிறார், கர்டிஸால் ஏற முடியவில்லை. பாய்ட்டியே அவருக்காக ரயிலிலிருந்து குதித்துவிடுகிறார். நியூயார்க்கின் வெள்ளையர் பகுதித் தியேட்டரில், முற்போக்காளர்கள் நிறைந்த கூட்டம் அந்த இடத்தில் நெகிழ்ந்துபோனது. கறுப்பின மக்கள் வாழும் ஹார்லமில் அதே இடத்தில் ஆத்திரம்: முட்டாளே, ரயிலில் ஏறு! வெள்ளையர்களை நாங்கள் வெறுக்கவில்லை என்று ஆறுதல் சொல்லத்தான் அந்தக் கறுப்பின மனிதனைக் குதிக்க வைத்திருக்கிறார்கள் என்பது பால்ட்வினின் கணிப்பு. வாக்குச்சீட்டு எந்தத் தியேட்டரில் இருந்தவர்களிடம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2012லேயே உங்கள் உறுப்பினர்களில் 94 சதவீதம் வெள்ளையர்கள், 77 சதவீதம் ஆண்கள் என்று அதே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் கணக்கெடுத்து எழுதியது.

ஹார்லம் தியேட்டரைக் கண்டு உங்கள் நாட்டுக்கு எப்போதுமே ஒரு பயம். 1915ல் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. முகம் மறைத்த வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் குதிரைவீரர்கள் அதில் மீட்பர்கள், வெள்ளையர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். பாஸ்டனில் எதிர்த்து நின்ற கறுப்பினப் பத்திரிகையாசிரியர் வில்லியம் மன்ரோ ட்ராட்டர் கைதானார். அந்த வருடக் கடைசியில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மேல் கிளான் மறுபடி பிறந்தது. அட்லாண்டாவில் படம் வெளியானபோது அந்தப் புதிய கிளான்காரர்களே தெருவில் அணிவகுத்தார்கள். பார்வையாளர்களின் எதிர்வினை என்று பேசுவதானால் இதைவிடப் பெரிய எதிர்வினை சினிமா வரலாற்றில் இருக்கிறதா? கிரிஃபித்துக்கு 1936ல் நீங்கள் கௌரவ விருது கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தே வருடம் கழித்து, 1920ல், ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 'விதின் அவர் கேட்ஸ்' எடுத்தார். ஒரு கறுப்பினக் குடும்பத்தை வெள்ளையர் கும்பல் துரத்திப் பிடித்துத் தூக்கில் போடுவதை அதில் காட்டினார். சிகாகோ தணிக்கைக் குழு முதலில் மறுத்தது. அதற்கு முந்தைய கோடையில்தான் அங்கே இனக்கலவரத்தில் 38 பேர் செத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தால் மறுபடி கலவரம் வரும் என்று பயம். பிறகு வெட்டுகளோடு திரைக்கு வந்தது. பல பத்தாண்டுகள் காணாமலே போயிருந்த அந்தப் படத்தின் ஒரு பிரதி ஸ்பெயினில் ஆவணக் காப்பகத்தில் கிடைத்ததால்தான் இன்று நம்மால் பார்க்க முடிகிறது. ஆக, கொலைகாரர்களைக் கொண்டாடிய படத்துக்கு மாளிகையின் கதவு திறந்தது. கொல்லப்பட்டவர்களைக் காட்டிய படத்துக்குக் கத்தரிக்கோல்.

1989ல் அதே பயம் நியூயார்க்கில். கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' வருமுன்பே, கறுப்பின இளைஞர்கள் தியேட்டரிலிருந்து நேரே கலவரத்துக்குத்தான் போவார்கள் என்று பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். படம் ஓடியது. ஒரு கலவரமும் வரவில்லை. படத்தில் ரேடியோ ரஹீம் என்ற இளைஞனை போலீஸ்காரர் தடியால் கழுத்தை நெரித்துக் கொல்கிறார். அப்புறம் பீட்சா கடையில் வேலை செய்யும் கறுப்பின இளைஞன் மூக்கி ஒரு குப்பைத்தொட்டியைத் தூக்கி அந்தக் கடைக் கண்ணாடியில் எறிகிறான். கடை எரிகிறது. அன்றிலிருந்து வெள்ளையர்கள் தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, மூக்கி செய்தது சரியா என்பதுதான், கறுப்பினத்தவர் ஒருவர்கூட இதுவரை அப்படிக் கேட்டதில்லை என்று லீ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செத்தவனைப் பற்றிக் கேள்வியே இல்லை, கண்ணாடியைப் பற்றித்தான்.

(எங்கள் ஊரிலும் இது நடந்தது. 2021ல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் ஓர் இருளரை லாக்கப்பில் அடித்தே கொல்கிறார்கள். படம் வந்த வாரத்தில் பெரிய சண்டை எதைப் பற்றித் தெரியுமா? போலீஸ்காரர் வீட்டுச் சுவரில் தொங்கிய, ஒரு சாதியின் சின்னம் போட்ட காலண்டரைப் பற்றி. அதில் நடித்துத் தயாரித்த சூர்யாவை அடுத்த வருடம் நீங்கள் உறுப்பினராக அழைத்தீர்கள். இந்த விஷயத்தை அவரிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.)

இப்போது 1990 மார்ச் 26 இரவுக்கு வருகிறேன். இந்த மடலை எழுதவைத்ததே அந்த ஒரு இரவுதான். 'டூ த ரைட் திங்'குக்குச் சிறந்த படப் பரிந்துரைகூட இல்லை. திரைக்கதைக்கு ஒன்று, பீட்சா கடைக்காரராக நடித்த டேனி அயெல்லோவுக்கு ஒன்று, இரண்டும் கைநழுவின. மேடைக்கு வந்த கிம் பேசிங்கர், இந்த வருடத்தின் பெரிய உண்மையைச் சொல்லும் படம் இந்த ஐந்தில் இல்லை என்று துணிச்சலாகவே சொன்னார். சிறந்த படம் 'டிரைவிங் மிஸ் டெய்ஸி': ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்குப் பொறுமையாகக் கார் ஓட்டும் கறுப்பின ஓட்டுநரின் கதை. அயெல்லோ போட்டியிட்ட துணை நடிகர் விருது, உள்நாட்டுப் போரின் கறுப்பினப் படைவீரர்களைப் பற்றிய 'குளோரி'யில் நடித்த டென்சல் வாஷிங்டனுக்குப் போனது. அதில் எல்லாரும் பேசிய காட்சி, அவர் சட்டையைக் கழற்றிக் கசையடி வாங்கும் காட்சி. முதுகில் பழைய தழும்புகள். தளபதியை நேராகப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், முகம் அசையவில்லை, ஒரே ஒரு துளி கண்ணீர் இறங்குகிறது.

வாஷிங்டனின் நடிப்பில் யாராலும் குறை சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது வேறு. அதே இரவில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்ட ஒரு கறுப்பின இளைஞன் திரையில் இருந்தான். அவனுக்காக ஒருவன் கண்ணாடியை உடைத்தான். அந்தப் படம் வேண்டாம் என்றீர்கள். அடி வாங்கிக்கொண்டு ஒரு துளி மட்டும் அழுதவருக்குச் சிலை கொடுத்தீர்கள். கறுப்பு உடல் மீது வன்முறை விழலாம், நீங்கள் உருகுவீர்கள். விழுந்த இடத்திலிருந்து அது திரும்பிப் பார்த்தால் மட்டும் உங்களுக்குக் கை வருவதில்லை. 24 வருடம் கழித்து லுபிடா நியோங்கோவுக்குத் துணை நடிகை விருது கொடுத்ததும் 'ட்வெல்வ் இயர்ஸ்' படத்தில் கசையடி பட்ட பாட்ஸி வேடத்துக்குத்தான். அவரும் அபாரமான நடிகை. அதைச் சொல்லிவிட்டே இதையும் சொல்கிறேன்.

அதே 2014 போட்டியில் இன்னொரு படம் இருந்திருக்க வேண்டும். ரையன் கூக்ளரின் முதல் படம், 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்'. 2009 புத்தாண்டு விடியலுக்கு முன் ஓக்லண்டில் ஃப்ரூட்வேல் ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் குப்புறக் கிடந்த ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞரை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டார். கையில் ஆயுதம் இல்லை. ரயிலில் இருந்தவர்கள் செல்போனில் எடுத்த காட்சியோடு படம் தொடங்குகிறது. பிறகு அந்தக் காட்சிக்கு முந்தைய ஒரு முழு நாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு நண்டு வாங்குகிறான். கடையில் மீன் பொரிக்கத் தெரியாமல் நிற்கும் ஒரு பெண்ணுக்குப் பாட்டியைப் போனில் கூப்பிட்டுக் கொடுக்கிறான். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நல்லவனா கெட்டவனா என்று நமக்கு யோசிக்கவே நேரமில்லை, பழகிவிடுகிறோம். காரில் வராதே, ரயிலில் போ, அதுதான் பத்திரம் என்று அம்மா சொல்லி அனுப்புகிறார். அதே பிளாட்பாரத்திலேயே எடுத்திருக்கிறார் கூக்ளர்.

படம் 2013 ஜூலை 12 அன்று வெளியானது. மறுநாள் இரவு, 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினைச் சுட்டுக் கொன்ற ஜார்ஜ் ஸிம்மர்மன் விடுதலையானார். அந்த வார இறுதியில் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினத் தாய் திரையை எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் விருது, ரசிகர் விருது இரண்டையும் வாங்கிய படம் அது. உங்களிடமிருந்து ஒரு பரிந்துரைகூட இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சாட்டைக்கு உருகுவது சுலபம், சாட்டை பிடித்தவன் செத்துப்போய்விட்டான். பிளாட்பாரத்தில் சுட்டவர் அப்போது சிறையிலிருந்துகூட வெளியே வந்துவிட்டிருந்தார்.

இதற்கு நேர் எதிராக, 2021 ஏப்ரலில் சிறந்த குறும்படமாக 'டூ டிஸ்டன்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தேர்வானது. நாய்க்குட்டி காத்திருக்கும் வீட்டுக்குப் போக நினைக்கும் கறுப்பின இளைஞன் ஒவ்வொரு காலையும் எழுகிறான், ஒவ்வொரு முறையும் அதே போலீஸ்காரர் கையில் சாகிறான். எடுத்தவர்களின் கோபம் நிஜமானது, அதில் ஐயமில்லை. ஆனால் ஜார்ஜ் ஃபிளாய்டின் கடைசி நிமிடங்களை உலகமே செல்போனில் பார்த்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், இதை நாங்கள் எத்தனை தடவைதான் பார்ப்பது என்று கறுப்பின ரசிகர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். அந்தக் குரல் உங்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஒரு எதிர்க்கேள்வி வரும், நியாயமானதுதான். காட்டாவிட்டால் மறந்துவிடுவார்களே? 1955ல் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில்லைக் கொன்று ஆற்றில் போட்டபோது, அவன் அம்மா மேமி டில் சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றார். ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று பார்த்தார்கள். 'ஜெட்' பத்திரிகை புகைப்படத்தை அச்சிட்டது. ஒரு தலைமுறையே அதைப் பார்த்துத்தான் போராட்டத்துக்கு வந்தது. ஆமாம், காட்ட வேண்டும். ஆனால் மூடியைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர் பெற்ற தாய். அதைத் தள்ளிவிட்டு இந்தக் கேள்வியைப் பேசவே முடியாது.

இயக்குநர் சினோன்யே சுக்வு அந்தத் தாயின் கதையை 'டில்' என்று எடுத்தபோது, பையனை அடிப்பதைக் காட்டப்போவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டார். இரவில் தூரத்தில் ஒரு கொட்டகை தெரிகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. அவ்வளவுதான். வன்முறை முழுவதும் தாயாக நடித்த டேனியல் டெட்வைலரின் முகத்தில் நடக்கிறது. நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்லும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்க, கேமரா அவர் முகத்தை விட்டு நகர்வதே இல்லை. பார்க்கிற நமக்கு அழுது ஆற்றிக்கொள்ள இடமே கிடைப்பதில்லை. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் கொலைகாரர்களை விடுவித்தது என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். உங்கள் பட்டியலில் டெட்வைலர் பெயர் இல்லை. படத்துக்கு ஒரு பிரிவிலும் பரிந்துரை இல்லை. சாட்டையைக் காட்டினால்தான் உங்களுக்கு வலி தெரியும் போலிருக்கிறது.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் முத்திரை விழுந்த படம்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறது. ஓடிடியில் முகப்பில் நிற்பது அதுதான், எங்கள் பத்திரிகைகள் எழுதுவதும் அதைப் பற்றித்தான். 'ட்வெல்வ் இயர்ஸ்' பற்றி எங்கள் மன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்' என்று சொன்னபோது, கூக்ளரின் பிற்காலப் படங்களைக் கொண்டாடுகிற பையன்களுக்கே அது புதுச் செய்தி. அமெரிக்கக் கறுப்பின வாழ்க்கை என்றால் அடி, சங்கிலி, கண்ணீர் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள் என்றால், அந்த நினைப்பில் உங்கள் வாக்குகளுக்கும் பங்கு உண்டு.

அதனால் ஒரு கோரிக்கை. புது விதிப்படி, உங்கள் இணையத் திரையரங்குக்கு வெளியே பார்த்த படத்துக்கு எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். அந்த 'எங்கே'யை வெறுமனே பூர்த்தி செய்யாதீர்கள். கறுப்பின மக்கள் மீதான வன்முறையைப் பேசும் படம் பரிந்துரைக்குத் தகுதிபெற்றால், பெவர்லி ஹில்ஸில் உங்கள் சொந்த அரங்கில் போடும் காட்சியோடு நிறுத்தாமல், சிகாகோ தென்பகுதியிலும் ஓக்லண்டிலும் அட்லாண்டாவிலும் ஊர்மக்கள் டிக்கெட் வாங்கி உட்காரும் தியேட்டர்களில் உறுப்பினர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். பரிந்துரை வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள், முடிந்தபிறகு செய்து பயனில்லை. அங்கே யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் திரையைப் பார்த்துத் திட்டுகிறார்கள், யார் எழுந்து வெளியே போகிறார்கள், போனவர் திரும்பி வருகிறாரா என்று கவனியுங்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் வாக்குச்சீட்டை எடுங்கள்.

சூர்யாவும் 2023ல் நீங்கள் அழைத்த மணிரத்னமும் இதைப் படித்தால், உங்கள் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லும்படி அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு ரசிகன்